‘அவுக’ என்ற சொல்லை நான் திருத்தியது

தேனி அல்லிநகரத்தில் என் வீட்டுக்கு வழி கேட்பவர்களை, “பத்திரிகை ஐயா வீடா?” என்று கேட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். மதுரையில் தமிழிலக்கியத்தில் முதுகலை முடித்து, அங்கேயே ஒரு நாளிதழில் முப்பதாண்டுகளுக்கு மேல் துணை ஆசிரியராகப் பணியாற்றி, ஓய்வுக்குப் பிறகு தேனிக்குத் திரும்பியவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, ஆட்சியருக்குக் கொடுக்கும் மனு என எதுவாயினும் அச்சுக்கோ அலுவலகத்துக்கோ போகும் முன் என் மேசையைக் கடந்துதான் போகும். இறந்தவரின் வீட்டார் கண்கள் சிவக்க நிற்கும்போதும் ஒற்றுப்பிழையைத் திருத்தாமல் தாளைத் திருப்பிக் கொடுத்ததில்லை. விழாக்களில் எனக்கு முதல் வரிசையில் நாற்காலி உண்டு. நான் வரத் தாமதமானாலும் அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. இவற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். பெருமைக்காகவே சொல்கிறேன். இந்தப் பெருமை கெடாதிருக்க நான் என்ன செய்தேன் என்று பின்னால் எழுத வேண்டியிருப்பதால், அது எவ்வளவு இருந்தது என்பதை முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் உத்தமபாளையம் பக்கத்திலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை என்னைப் பார்க்க வந்தார். பதினொன்றாம் வகுப்பில் எழுத ஆர்வமுள்ள பன்னிரண்டு பேருக்குச் சனிக்கிழமைதோறும் செய்திக் கட்டுரை எழுதப் பயிற்சி தர வேண்டும் என்றார். நன்றாக எழுதுகிறவர்களின் கட்டுரைகள் தேனியிலிருந்து வரும் ஒரு வார இதழின் மாணவர் பக்கத்தில் இடம்பெறும். இதழாசிரியர் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: நான் பார்த்து அனுப்புவதை மட்டுமே வெளியிடுவார். அந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் பள்ளி வாகனத்தை அனுப்புகிறோம் என்றார் தலைமையாசிரியை. வேண்டாம் என்று மறுத்து, பேருந்திலேயே போய்வந்தேன். வாகனத்தை மறுத்த செய்தி எனக்கு முன்பே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் நாள் மாணவர்கள் எழுந்து நின்று, “குட் ஆஃப்டர்நூன் சார்” என்றார்கள்.

“வணக்கம் ஐயா என்று சொல்ல வேண்டும்” என்றேன்.

“வணக்கம் ஐயா” என்றார்கள். பின்வரிசையில் ஒருவன், “ஏலே, நம்ம பூசாரி ஐயாவுக்குச் சொல்ற மாதிரியே இருக்குடா” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. விழாதது போல் இருந்துகொண்டேன்.

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற கேள்விகளைக் கரும்பலகையின் ஒரு பாதியில் எழுதினேன். மறுபாதியில் அச்சுக்கு ஆகாத சொற்கள் என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் எழுதினேன்: அவுக, இவுக, வந்தாக, சொன்னாக, அங்கன, இங்கன. பட்டியல் வாரந்தோறும் நீண்டது. சனிக்கிழமை மாலை யாரும் பலகையை அழிக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். மற்ற நாட்களில் கணக்காசிரியர் மிச்சமிருந்த மூலையில் கணக்குப் போட்டுச் சமாளித்தாராம்.

திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு மாணவன் ஒருவன், ‘மழை பேஞ்சு பழம் பூராம் வெடிச்சுப் போச்சுன்னு எங்க அப்பா சொன்னாக’ என்று எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு, ‘மழையால் பழங்கள் வெடித்துவிட்டதாக விவசாயி ஒருவர் தெரிவித்தார்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவன் இரண்டு முறை படித்துப் பார்த்தான்.

“ஐயா, இது எங்கப்பா மாதிரியே இல்லையே. வேற யாரோ பேசுற மாதிரில்ல இருக்கு.”

“செய்தியில் அப்பா கிடையாது. விவசாயிதான் உண்டு.”

“அப்ப நாளையிலருந்து வீட்டுல, ‘விவசாயி, பஸ்ஸுக்குக் காசு குடுங்க’ன்னு கேளுடா” என்றான் பின்வரிசைக்காரன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திருத்தம் சரியானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு மாணவியின் எழுத்து தனியாகத் தெரிந்தது. மலையடிவாரத்தில் மாதா கோவிலைச் சுற்றி நான்கைந்து தெருக்கள் உள்ள ஊரைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் கேரள எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர். விடியும் முன்பே ஊருக்குள் ஜீப்புகள் வரும். பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டுப் பாதையில் மலையேறி, மாலையில் கொண்டுவந்து இறக்கும். பத்துப் பேருக்கான வண்டியில் இருபது பேர் போவது பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டு விஷயத்தைப் போல அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசாமல் இருப்போம்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் என் அருகில் வந்து நின்றார்.

“ஐயா, ஜீப்பைப் பத்தி எழுதவா?”

“என்ன செய்தி?”

“போன வாரம் வளைவுல ஒண்ணு கவுந்துருச்சுல்ல, அதுதான். எங்க அடுத்த தெரு அக்காவுக்குக் கையி ஒடிஞ்சுபோச்சு. பேப்பர்ல ரெண்டு வரிதான் போட்டிருந்தாக. அந்த அக்கா பேரைக்கூடத் தப்பாப் போட்டிருந்தாக.”

“‘போட்டிருந்தார்கள்’” என்றேன். “எழுது. நேரில் போய்க் கேட்டு எழுது.”

போய்க் கேட்டு எழுதினார். அடுத்த சனிக்கிழமை கோடு போட்ட தாளில் மூன்று பக்கம் கொண்டுவந்தார். முப்பதாண்டுக் காலத்தில் எத்தனையோ நிருபர்களின் படிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது மிக நல்ல கட்டுரை. ‘எங்கள் ஊரில் சேவலுக்கு முன்னால் ஜீப்பின் ஹார்ன் கூவும்’ என்று தொடங்கியிருந்தார். அந்த வரியை அடித்தேன். இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கப் படியில் நின்று, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சோற்று வாளியையும் பிடித்துக்கொண்டு போவதை எழுதியிருந்தார். சோற்று வாளியை அடித்தேன். கை ஒடிந்த பெண்ணிடம் கேட்டு எழுதிய இடத்தில் இப்படி இருந்தது:

‘“எடம் இல்லன்னு நான் எறங்கிட்டேன். அவுகதான் ஏறச் சொன்னாக” என்று, கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தபடி அவர் சொன்னார்.’

‘கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தபடி’ என்பதன் மேல் சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் ‘வருணனை தேவையில்லை’ என்று எழுதினேன். ‘எறங்கிட்டேன்’ என்பதை ‘இறங்கிவிட்டேன்’ ஆக்கினேன். ‘அவுக’ என்பதைச் சுழித்தேன். மாணவி மேசைக்கு அருகிலேயே நின்றிருந்தார்.

“ஐயா, அது மட்டும் இருக்கட்டுமே.”

“எது?”

“கட்டில்ல உக்காந்திருந்தாகன்னு எழுதினது. அது இல்லன்னா அவுகன்னா யாருன்னு...”

“‘அவுக’ என்பதே அச்சுக்கு ஆகாத சொல். பலகையைப் பார்.”

“இல்லங்கய்யா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“உனக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள்.”

அவர் தாளை என்னிடம் விட்டுவிட்டு இடத்துக்குப் போனார். அவர் சொல்ல வந்தது மொழியைப் பற்றியது அன்று, உண்மையைப் பற்றியது. ‘யார்’ என்ற அந்தக் கேள்வியைத்தான் நானே பலகையில் முதலாவதாக எழுதிவைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பத் திரும்ப எழுதிச் செம்மைப்படி எடுத்தேன். ‘அவர்கள்தான் ஏறச் சொன்னார்கள்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எவர்கள்? செய்தியில் ஒரு சுட்டுப்பெயர் யாரைக் குறிக்கிறது என்று தெரியாமல் நிற்கக் கூடாது. அதற்கு முந்தைய வாக்கியம் ஜீப் ஓட்டுநர் காயமின்றித் தப்பியதைப் பற்றியது. அடித்த சொற்களை மீண்டும் படிக்கும் வழக்கம் எனக்கு இல்லை; சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருப்பது என் கண்ணுக்கு வெறும் தாள்தான். மாணவியைக் கேட்டிருக்கலாம். பள்ளியின் தொலைபேசி எண் என் நாட்குறிப்பில் இருந்தது. அதற்கு அவசியம் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. ‘ஜீப் ஓட்டுநர்தான் வற்புறுத்தி ஏறச் சொன்னார்’ என்று எழுதினேன். ‘வற்புறுத்தி’ என்ற சொல்லை யாருமே சொல்லவில்லை. வாக்கியத்துக்கு ஒரு வலு வேண்டும் என்று நானாகச் சேர்த்தேன். தலைப்பையும் நானே வைத்தேன்: ‘இடமில்லாத ஜீப்பில் வற்புறுத்தி ஏற்றப்பட்ட பெண்.’

வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. மாணவியின் பெயரும் சீருடையில் எடுத்த புகைப்படமும் கட்டுரையின் மேல் இருந்தன. இதழாசிரியர் தொலைபேசியில் அழைத்து, “உங்க கை பட்டதுன்னு பார்த்தவுடனே தெரியுதுங்கய்யா” என்றார். நான் நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தலைமையாசிரியை அழைத்தார். வண்டி உரிமையாளர் இதழைப் படித்த அன்றே ஓட்டுநரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். காவல் நிலையத்திலும் அவரை மறுபடி கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். ஓட்டுநர் அந்த மாணவியின் தெருவைச் சேர்ந்தவர். பூசை முடிந்து கோவிலிலிருந்து வெளியே வந்த மாணவியையும் அவர் தாயாரையும் ஓட்டுநரின் மனைவி வாசலிலேயே நிறுத்தி, ஊரார் முன்னிலையில் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை எல்லோரும் பள்ளிக்கு வருகிறார்கள். நானும் வந்தால் நல்லது என்றார்.

அந்த மூன்று பக்கத் தாளைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். பேருந்து சின்னமனூரைத் தாண்டும்போது அதை எடுத்துப் படித்தேன். அப்போதுதான் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததைப் படித்தேன். ‘கணவரைப் பார்த்தபடி.’

நான் பண்ணைப்புரத்தில் பிறந்தவன். என் தாயார் என் தந்தையின் பெயரை வாய் திறந்து சொன்னதே இல்லை. ‘அவுக சாப்பிட்டாக’, ‘அவுக வெளிய போயிருக்காக’ என்பார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் கணவர் பெயரைக் கேட்டபோது என் தோளைத் தொட்டு, “நீ சொல்லுடா” என்றார். நான் சொன்னேன். இந்தப் பள்ளத்தாக்கில் மணமான ஒரு பெண் முன்பின் எதுவும் சொல்லாமல் ‘அவுக’ என்றால் அது யாரைக் குறிக்கும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. தெரிந்ததைப் பட்டியலில் எழுதி ஒதுக்கிவைத்திருந்தேன்.

தலைமையாசிரியையின் அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஓட்டுநர், அவர் மனைவி, மாவுக்கட்டுப் போட்ட கையுடன் அந்தப் பெண், மாணவி, மாணவியின் தாயார் ஆகியோர் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட பெண்ணின் கணவர் உள்ளே வராமல் கதவுக்கு வெளியே வராந்தாவில் நின்றார்.

ஓட்டுநர்தான் முதலில் பேசினார். மாணவியைப் பார்த்தே பேசினார்.

“ஏத்தா, உங்கம்மாவுக்கு மேலுக்கு முடியாதப்ப எத்தனை நாளு முன்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன். நம்ம தெருவுல ஒரு பிள்ள பேப்பர்ல எழுதுதுன்னு நாந்தான் எல்லார்ட்டயும் காட்டுனேன். படிக்காமலே காட்டுனேன். அப்புறம் ஒருத்தன் படிச்சுச் சொல்றான், உன்னையத்தாண்டா எழுதியிருக்குன்னு.”

கட்டுப் போட்ட பெண் குறுக்கிட்டார். “நான் டிரைவர்னு சொல்லவே இல்ல டீச்சர். அவரு வேணாம்னாரு. அடுத்த டிரிப்புல வாங்கக்கான்னாரு. அவுக சொன்னாகன்னுதான் சொன்னேன்.”

“அவுகன்னா யாரும்மா?” என்றார் தலைமையாசிரியை. அவர் வெளியூர்க்காரர்.

அந்தப் பெண் வராந்தாவின் பக்கம் தலையைத் திருப்பி, “அவுகதான்” என்றார். வெளியே நின்றவர் தரையைப் பார்த்தார்.

ஓட்டுநரின் மனைவி சிரித்துவிட்டார். கோபத்தோடு வந்தவருக்கு அடக்க முடியாமல் வந்த சிரிப்பு அது. “டீச்சர், இந்த மனுசனை ‘அவுக’ன்னு சொல்றதுக்கு ஊருல நான் ஒருத்திதான் இருக்கேன். வேற எவளாவது சொன்னா நான் சும்மா விட்டிருப்பேனா?” அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், ஓட்டுநர் உட்பட. மாணவியும் நானும் மட்டும் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியை மாணவியின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீ அடுத்த தெருப் பிள்ளை. எனக்குத் தெரியலைன்னா சரி, உனக்கு இது தெரியாதா? அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டியதுதானே?”

மாணவி என்னைப் பார்த்தார்.

பை என் மடியில் இருந்தது. தாள் அதற்குள் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் நான் அந்த ஒரு நொடியில் எண்ணிப் பார்த்தேன். நான் பேருந்தில் ஏறி ஊர் திரும்பும் முன்பே செய்தி தேனிக்குப் போய்விடும். பண்ணைப்புரத்தில் பிறந்த தமிழ் எம்.ஏ.வுக்கு ‘அவுக’ என்றால் என்னவென்று தெரியவில்லையாம். இந்த ஒரு வாக்கியம்தான் என் காதில் கேட்டது. எழுந்து நின்று பேசினேன்.

“பயிற்சி பெறும் மாணவர்களின் எழுத்தில் பிழைகள் நேர்வது இயல்பு. அச்சுக்கு அனுப்பியவன் என்ற முறையில் முழுப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன். மாணவியை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இதில் எந்த வாக்கியமும் பொய் இல்லை. அப்படி அமையுமாறுதான் நான் கட்டினேன். மாணவர்களின் எழுத்தில் பிழை நேர்வது இயல்புதான், பொறுப்பு என்னுடையதுதான். ஆனால் மூன்றையும் சேர்த்துக் கேட்டவர்கள், அந்தப் பிள்ளை தவறு செய்தது, பெரியவர் தாங்கிக்கொண்டார் என்று புரிந்துகொண்டார்கள். ஓட்டுநர் கைகூப்பினார். “இதுதாங்கய்யா பெரிய மனுசன் பேச்சு. நீங்க இவ்வளவு சொன்னப்புறம் எனக்குக் கோவமில்ல.” மாணவியின் தாயார் மகளின் முதுகில் ஓர் இடி இடித்து, “மாமாட்ட மன்னிப்புக் கேளுடி” என்றார்.

“மன்னிச்சுக்கங்க மாமா” என்றார் மாணவி.

அடுத்த இதழில் வெளியான வருத்தக் குறிப்பையும் நானே எழுதினேன். ‘மாணவி எழுதிய கட்டுரையில் தவறுதலாக ஒரு தகவல் இடம்பெற்றுவிட்டது. ஓட்டுநர் வற்புறுத்தவில்லை எனத் தெரிய வருகிறது. பிழை நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்.’ இடம்பெற்றுவிட்டது, தெரிய வருகிறது, நேர்ந்தமைக்கு. யார் செய்தது என்று சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கத் தமிழில் இத்தனை வழிகள் உண்டு. எல்லாவற்றையும் நான் அறிவேன். ஓட்டுநருக்கு வண்டிச் சாவி திரும்பக் கிடைத்தது.

அதன் பிறகு மாணவி சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை. மற்ற பதினொரு பேருக்கு ஆண்டு முடியும் வரை பாடம் நடத்தினேன். அவர் பெயரை நான் எடுக்கவில்லை; அவர்களும் எடுக்கவில்லை. ஒரு முறை மட்டும் திராட்சைத் தோட்டத்து மாணவன் தானாகச் சொன்னான்.

“அவளை இப்ப ஊருல ‘பேப்பரு’ன்னுதாங்கய்யா கூப்பிடுறாங்க. அவங்கம்மா ஜீப்ல ஏறுனா, ‘பேப்பரு அம்மா ஏறியாச்சு, எல்லாரும் வாயை மூடுங்க, நாளைக்கு வந்துரும்’னு சொல்லிச் சிரிப்பாங்களாம்.”

“அதைப் பொருட்படுத்தக் கூடாது” என்றேன். யார் பொருட்படுத்தக் கூடாது என்று சொன்னேனோ எனக்கே தெரியாது.

பள்ளி ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி தமிழாசிரியர் கேட்டபோது அந்த மாணவி முடியாது என்று சொல்லிவிட்டார் எனக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஊருக்குப் போனேன். தாயார் பதறிப்போய் அடுத்த வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார். காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனார். மாணவி சுவரோரமாக நின்றார்.

“வகுப்புக்கு ஏன் வருவதில்லை?” என்று கேட்டேன். அவர்தான் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் என்பது போலவே கேட்டேன்.

அவர் கைப்பேசியை எடுத்து ஏதோ தேடி என் முன்னால் நீட்டினார். கோடு போட்ட தாளின் படம். என் சிவப்பு மை, என் கையெழுத்தில் ‘வருணனை தேவையில்லை’, கோட்டுக்கு அடியில் ‘கணவரைப் பார்த்தபடி’. நான் திருத்திக் கொடுப்பதையெல்லாம் வீட்டில் படித்துப் பார்ப்பதற்காகப் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கமாம். அன்று தாளை என்னிடம் விட்டுப் போகும் முன், நான் பின்னால் நின்றவரின் தாளை வாங்கிக்கொண்டிருந்தபோது எடுத்திருக்கிறார்.

“அந்தத் திங்கட்கிழமை நாம் எல்லோரும் கூடியபோது இது உன்னிடம் இருந்ததா?”

“இருந்துச்சு.”

“ஏன் காட்டவில்லை?”

“நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்.”

அவரே தொடர்ந்தார். குரலில் கோபம் இல்லை.

“அப்புறம் நீங்க எந்திரிச்சுப் பொறுப்பு ஏத்துக்கிறேன்னு சொன்னீக. எல்லாரும் உங்களைக் கும்பிட்டாக. அதுக்கப்புறம் நான் இதைக் காட்டுனா நல்லாவா இருக்கும் ஐயா?”

‘சொன்னீர்கள்’ என்று திருத்த என் வாய் தன் பழக்கத்தில் திறந்ததை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். திறந்ததை மூடிக்கொண்டேன்.

தாயார் காப்பியோடு வந்தார். “பிள்ள தப்புப் பண்ணுனாலும் விட்டுக் குடுக்காமக் காப்பாத்துனீக ஐயா. வேற ஒருத்தரா இருந்தா பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பியிருப்பாக. நாங்க மறக்க மாட்டோம்” என்றார். மாணவி கைப்பேசியின் திரையை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தாயாரிடம் உண்மையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். தம்ளரை வாங்கிக் காப்பியைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அதற்குப் பல மாதங்களுக்குப் பிறகு தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். அவர் முழுவதும் படித்தார். சிறிது நேரம் கண்ணாடியைத் துடைத்தார். “முடிஞ்சுபோனதை எதுக்குங்கய்யா கிளறணும்? ஓட்டுநரும் வேலையில இருக்கார். உங்க பேரு இருக்கு, பள்ளிக்கூடத்துப் பேரும் இருக்கு. அந்தப் பிள்ளையும் மறந்திருக்கும்” என்றார். மறந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. உங்கள் விருப்பம் என்று சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது மனம் இலேசாக இருந்தது. இந்தக் கதையில் நான் மிகவும் வெட்கப்படுவது அந்த இலேசான மனத்துக்காகத்தான்.

அந்த மாணவி இப்போது தேனியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் படிக்கிறார். ஒரு முறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். வணக்கம் ஐயா என்றார். எழுதுகிறாயா என்று கேட்டேன். “இல்லங்கய்யா, நேரமில்ல” என்று சொல்லிவிட்டு, வந்துகொண்டிருந்த பேருந்தைப் பார்த்தார்.

சென்ற மாதம் அந்தப் பள்ளி ஒரு விழா மலர் வெளியிட்டது. அதில் என்னைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. ‘தம் மாணவி செய்த பிழையைத் தம் பிழையாக ஏற்று, ஊர் நடுவே அவருக்காகத் தலை குனிந்த பெருந்தன்மையாளர்’ என்று எழுதியிருக்கிறார்கள். வெளியீட்டு விழாவில் இதழாசிரியரும் இதையே பேசினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மறுக்கவில்லை.

அந்தச் செய்தி தவறு. மாணவி பிழை எதுவும் செய்யவில்லை. அந்தப் பெண்ணை ஜீப்பில் ஏறச் சொன்னவர் அவருடைய கணவர். மாணவி அதைக் கேட்டபடியே சரியாக எழுதியிருந்தார். ‘ஓட்டுநர்’ என்ற சொல்லையும் ‘வற்புறுத்தி’ என்ற சொல்லையும் எழுதியவன் நான். நான் யாருக்காகவும் தலை குனியவில்லை.